மானுக்குத் தெரியாத ஆரஞ்சு

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் வாடிப்பட்டியில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். என் மகன் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்பவர்கள் வரும் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அங்கே உரிமம் வாங்கிக்கொண்டு சட்டப்படி செய்வதுதான் என்கிறான். ஆனால் பளீரென்று அடிக்கும் ஆரஞ்சு கோட்டும் தொப்பியும் போட்டுத்தான் காட்டுக்குள் நுழைய வேண்டுமாம். மானைத் தேடிப் போகிறவன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு போனால் மான் நின்று பார்க்குமா? இன்னொன்று, இவனுக்குச் சிவப்பு, பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இலைக்குக் காவி வண்ணம் அடிப்பான். அவனுக்கு அந்த ஆரஞ்சால் என்ன பிரயோசனம்? தன் வழியில் வந்த குறையா என்று என் மனைவி வேறு கேட்கிறாள். இங்கே சிறுமலை அடிவாரத்தில் எங்கள் தோட்டத்திலும் காட்டுப்பன்றித் தொல்லை. அண்ணன் மகன் மிலிட்டரி கலர் பேண்ட், சட்டை போட்டுக்கொண்டு ராக்காவலுக்குப் போகிறான். அவனுக்கும் அந்த மாதிரி ஆரஞ்சு கோட்டு ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் மகன் அந்த ஆரஞ்சைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். அண்ணன் மகனுக்கு அது உதவாது, அவருக்கு வேண்டியது வேறு. இவ்வளவுதான் பதில். ஆனால் கேட்டவர் தலைமையாசிரியர், "ஏன்" என்று கேட்காமல் விடமாட்டீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் மான். நம் விழித்திரையில் நிறம் பார்க்கிற செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகைதான். ஒன்று நீலத்துக்கு, இன்னொன்று பச்சைக்கு. சிவப்புப் பக்கத்தைப் பார்க்கும் மூன்றாவது வகை அதற்குக் கிடையாது. 1990-களின் தொடக்கத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வெள்ளைவால் மான்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, கண்ணில் பல நிற ஒளிகளைப் பாய்ச்சி, விழித்திரையில் எழும் மின்துடிப்பை அளந்து பார்த்தார்கள். நாங்கள் கண் நோயாளிகளுக்கு எடுக்கும் ஈ.ஆர்.ஜி. பரிசோதனையின் இன்னொரு வடிவம்தான் அது. ஒளியின் அலைநீளக் கணக்கில், பச்சை பார்க்கும் செல் சுமார் 537 நானோமீட்டரில் உச்சத்தில் இருக்கிறது. வேட்டைக்கார ஆரஞ்சு 600-ஐ ஒட்டியது. அதனால் நம் கண்ணைக் குத்துகிற அந்தக் கோட்டு, மானுக்குக் காய்ந்த புல்லும் சருகும் இருக்கிற மாதிரி ஒரு மங்கலான நிறமாகத்தான் தெரியும். மான் பார்வையில் உங்கள் மகன் மாப்பிள்ளைக் கோலத்தில் போகவில்லை, கோணிப்பை போர்த்திக்கொண்டுதான் போகிறான்.

கீழே ஜீன்ஸ் போட்டானானால் அதுதான் வம்பு. நீலத்தை மான் நம்மைவிட நன்றாகப் பார்க்கும், மசங்கலில் இன்னும் நன்றாக. ஆரஞ்சு கோட்டுக்குப் பயந்துகொண்டு நீல ஜீன்ஸோடு போகிறவனை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சலவையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. துணி பளிச்சிட வேண்டும் என்று சலவைத்தூளில் ஒரு பொருள் சேர்ப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடும். நம் கண் லென்ஸ் புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது, மானின் லென்ஸ் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. லென்ஸ் தடுக்காவிட்டால் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்கள் சிலருக்கு அனுபவமே உண்டு. அந்தக் காலத்தில் கண்புரையை எடுத்துவிட்டு, உள்ளே லென்ஸ் வைக்காமல், சோடாபுட்டி கண்ணாடி கொடுத்து அனுப்புவோம். கட்டு அவிழ்த்த பிறகு சில பெரியவர்கள், "தம்பி, எல்லாம் நீலம் பாய்ஞ்ச மாதிரி இருக்குய்யா" என்பார்கள். நான் பயிற்சியில் இருந்தபோது அதைப் பிரமை என்று நினைத்தேன். பிரமை இல்லை, அவர்கள் பார்த்தது நிஜம். ஆக, வேட்டைத் துணியைப் "பளிச்" என்று விளம்பரம் செய்யாத சாதா சோப்பில் அலசச் சொல்லுங்கள். மானிடமிருந்து தப்ப அதற்கு மேல் நிறத்தைப் பற்றி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, காலடியில் சருகு நொறுங்குகிறதா, கை ஆடுகிறதா என்பதில்தான் மான் ஆளைக் கண்டுபிடிக்கும்.

(பறவை விஷயம் நேர் எதிர். வான்கோழிக்கு நம்மைவிட நிறம் நன்றாகத் தெரியும். அதனால் வசந்த காலத்து வான்கோழி வேட்டையில் இலைநிறத் துணிதான் போடுவார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றையும் கைக்குட்டையாகக்கூட வெளியே காட்டக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பார்கள். சேவல் வான்கோழியின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். அதைப் பார்த்து இன்னொருவர் சுட்டுவிடுவார்.)

"இன்னொருவர்" என்ற அந்த ஆளுக்காகத்தான் ஆரஞ்சே. என் பெரியப்பா கதையைச் சொன்னால் புரியும். 1960-களின் கடைசி, நம் நாட்டில் வேட்டைத் தடைச் சட்டம் வருவதற்கு முன். எங்களுக்கு நத்தம் பக்கம் ஊர். பெரியப்பாவும் கூட்டாளிகள் நாலு பேரும் கரந்தமலை ஓரத்தில் பன்றிக்குப் போனார்கள். விடிந்தும் விடியாத நேரம், மார்கழிப் பனி. பெரியப்பா காக்கிச் சட்டைக்கு மேல் செம்மண் நிறத்தில் ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தார். பன்றி ஒதுங்கும் என்று நினைத்த புதருக்குப் பக்கத்தில் குத்தவைத்து, பீடி பற்றவைக்கக் குனிந்தாராம். எதிர்ச் சரிவிலிருந்து ஒரு வெடி. பால்ரஸ் குண்டு ஏழெட்டு, வலது தோளிலும் கழுத்திலும். உயிர் பிழைத்தார். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் வலது கையைத் தூக்கித் தலைப்பாகை கட்டியதில்லை, பெரியம்மாதான் கட்டிவிடுவார். சுட்டவர் அவருடைய உயிர்க் கூட்டாளி. நான் டாக்டருக்குப் படித்து முடித்து ஊருக்குப் போனபோதுகூட அவர் திண்ணையில் உட்கார்ந்து சத்தியம் செய்தார்: "தம்பி, நான் கொம்பைப் பாத்தேன். வெள்ளையா, வளைஞ்சு. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. கண் காட்டுவது பாதிதான், மீதியை மூளை இட்டு நிரப்புகிறது. மூன்று மணி நேரமாகப் பன்றியையே நினைத்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு, மசங்கலில் அசைகிற பழுப்பு எல்லாம் பன்றிதான். பீடிப் புகையோ தீக்குச்சியோ கொம்பாக மாறியிருக்கும். இந்த மாயத்தை உடைக்க ஒரே வழி, பன்றியிலோ மானிலோ இருக்கவே முடியாத ஒரு நிறத்தை நடுவில் கொண்டுவந்து போடுவது. நவம்பரில் அமெரிக்கக் காட்டில் மஞ்சள் உண்டு, சிவப்பு உண்டு, பழுப்பு நிறைய உண்டு. அந்த வேட்டைக்கார ஆரஞ்சு மட்டும் எந்த இலையிலும் கிடையாது.

சாதாரண ஆரஞ்சுச் சாயம் அல்ல அது. சாதாச் சாயம் தன் மேல் விழும் ஒளியில் ஆரஞ்சை மட்டும் திருப்பி அனுப்பி மற்றதை விழுங்கிவிடும். ஒளிர்சாயம் விழுங்கிய நீலத்தையும் புற ஊதாவையும்கூட ஆரஞ்சாக மாற்றி வெளியே தள்ளும். மேல் விழுந்த ஆரஞ்சைவிட வெளியே வரும் ஆரஞ்சு அதிகம். அதனால்தான் மேகமூட்டத்திலும் அது விளக்குப் போட்ட மாதிரி தெரிகிறது.

விஸ்கான்சினில் முதலில் சிவப்புதான் சட்டமாக இருந்தது, 1945-லிருந்து. 1980-ல் ஆரஞ்சு கட்டாயமானது. சிவப்பின் சங்கடத்தை உங்கள் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். ஒரு நாள் சாயங்காலம் செம்பருத்திச் செடிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். ஆறு மணிக்குப் பூதான் முன்னால் நிற்கும், இலை பின்னால். பொழுது சாயச் சாயப் பூ கறுக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு இலை சாம்பல் பூத்துத் தெரியும், பூ இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொத்தல்தான் இருக்கும். பகலில் 555 நானோமீட்டரில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், கூர்மையாக இருக்கிற நம் கண், இருட்டுப் பார்வைக்கு மாறும்போது 507-க்கு நகர்ந்துவிடுகிறது. சிவப்பு கைநழுவிப் போய்விடும். மான் வெளியே வருவதும் அந்த இரண்டு வேளைதான், விடியலும் அந்தியும். ஆரஞ்சும் கடைசியில் மங்கத்தான் செய்யும், ஆனால் சிவப்புக்குப் பிறகு.

அப்படியானால் சாலை வேலைக்காரர்கள் போடும் எலுமிச்சைப் பச்சைக் கோட்டு இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். மனிதக் கண்ணுக்கு அது பிரகாசம்தான். ஆனால் மஞ்சளான இலைகளோடு கலந்துவிடும். மானின் 537-க்கும் பக்கத்தில் வந்துவிடும், நீங்கள் பயந்த அந்த மாப்பிள்ளைக் கோலம் அப்போதுதான் நிஜமாகும். சட்டமும் அதை ஏற்காது. அங்கே துப்பாக்கி மான் வேட்டைக் காலத்தில் இடுப்புக்கு மேலே தெரியும் துணியில் பாதிக்குக் குறையாமல் ஒளிர் ஆரஞ்சோ ஒளிர் இளஞ்சிவப்போ இருக்க வேண்டும், தொப்பி போட்டால் அதிலும் பாதி. இளஞ்சிவப்பு 2016-ல் சேர்ந்தது. பாதி போதும் என்று சட்டம் சொன்னாலும் உங்கள் மகன் முழுக்கவே போடட்டும், முக்கியமாகத் தொப்பி. புதருக்குப் பின்னால் இருக்கிற ஆளில் முதலில் வெளியே தெரிவது தலைதான். முதுகுப் பை மாட்டினால் பின்பக்க ஆரஞ்சு மறைந்துபோகும், பையின் மேலும் ஒரு துண்டு கட்டிக்கொள்ள வேண்டும். பழைய கோட்டை யாராவது இரவல் கொடுத்தால் வெயிலில் பிடித்துப் பார்க்கட்டும். பல வருஷம் வெயில் பட்டதில் ஒளிர்சாயம் செத்துப்போயிருந்தால் அது வெறும் ஆரஞ்சுத் துணிதான்.

இனி அவனுடைய நிறக்குறை. இதில் இரண்டு கேள்வி இருக்கிறது, நீங்கள் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் அவனைப் பார்ப்பதற்கு அவன் கண் எப்படி இருந்தால் என்ன? ஆரஞ்சு அவர்கள் கண்ணுக்காக. அந்தப் பாதுகாப்பு அவனுக்கு முழுசாக உண்டு. கேட்காத கேள்விதான் எனக்குக் கவலை. அவன் கையிலும் ஒரு துப்பாக்கி இருக்கும். எதிரே வரும் ஆரஞ்சு அவனுக்குத் தெரியுமா?

இந்தக் குறையில் முக்கியமாக இரண்டு வகை. பச்சை செல் குறைந்தவர்களுக்கு ஆரஞ்சு ஒரு மாதிரி மஞ்சளாகத் தெரியும், ஆனால் வெளிச்சம் குறையாது, ஒளிர்சாயம் பளிச்சென்றுதான் இருக்கும். சிவப்பு செல் குறைந்தவர்களுக்கு நிறம் மாறுவதோடு வெளிச்சமும் மங்கிப்போகும். பழுத்த இலைக்கு நடுவே அந்தக் கோட்டு சட்டென்று கண்ணில் படாமல் போகலாம். உங்கள் மகன் எந்த வகை, எவ்வளவு கடுமை என்று தெரியாமல் அவன் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்பது என் கருத்து. புள்ளி புள்ளியாய் எண் மறைந்திருக்கும் புத்தகத்தைக் காட்டி ஐந்து நிமிஷத்தில் குறை உண்டா என்று சொல்லிவிடலாம். வகையும் கடுமையும் அறிய இன்னும் ஒரு பரிசோதனை போதும். நிறக்குறையைத் தீர்க்கும் என்று விளம்பரம் வரும் கண்ணாடிகளை நம்பி இந்தக் காரியத்தில் இறங்க வேண்டாம். அவை சில நிறங்களைக் கொஞ்சம் பிரித்துக் காட்டும், இல்லாத செல்லை உண்டாக்காது. போதாததற்கு, உள்ளே வரும் வெளிச்சத்தையும் குறைக்கும்.

அங்கே 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அல்லது அனுபவசாலி ஒருவர் கையெட்டும் தூரத்தில் கூடவே இருந்து நடத்த வேண்டும். அந்தப் பயிற்சியின் பால பாடம், இலக்கு என்ன என்றும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் உறுதியாகத் தெரியாமல் சுடாதே என்பது. நிறம் தெரியாதவனுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். "ஆரஞ்சு இல்லை, அதனால் மான்" என்று அவன் ஒருநாளும் முடிவு கட்டக் கூடாது. தலை, கழுத்து, கால், கொம்பு என்று முழு மிருகமும் தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் கழுத்தில் தொங்கும் பைனாகுலரில் பார்க்க வேண்டும், துப்பாக்கியின் மேலிருக்கும் ஸ்கோப்பில் பார்க்கக் கூடாது. ஸ்கோப்பில் பார்த்து ஆள் என்று தெரிந்தால், ஒரு மனிதனைக் குறி வைத்துவிட்டோம் என்றுதானே அர்த்தம். இன்னொரு சின்ன விஷயம், அடிபட்ட மானின் ரத்தத் தடத்தைச் சருகின் மேல் தேடிப் போகும் வேலை இவனுக்குச் சரிவராது. காவிக்கும் பச்சைக்கும் தடுமாறுகிறவனுக்குக் காய்ந்த இலையில் ரத்தம் தெரியாது. நல்ல கண்ணுள்ள ஒருவர் கூட நடக்கட்டும்.

என் துறை இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். மகன் இன்னும் வேலை விசாவில்தான் இருக்கிறான் என்றால், அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் பொதுவாகத் தடை இருக்கிறது. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. உரிமம் கைக்கு வரும் முன்னால், "பயிற்சிக்குச் சும்மா ரெண்டு தடவை சுட்டுப் பாரு" என்று கூட்டாளிகள் நீட்டினால் வாங்கிவிட வேண்டாம். அங்கே ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சிறுமலை அடிவாரத்துக்கு வருவோம். ஒளிர்சாயம் பகல் சரக்கு. விழுங்க ஒளி இல்லாத ராத்திரியில் அது எதை வெளியே தள்ளும்? அமாவாசையில் ஆரஞ்சு கோட்டும் கறுப்புக் கோட்டும் ஒன்றுதான். அண்ணன் மகனுக்கு வேண்டியது ரிஃப்ளெக்டர் பட்டை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களின் பையிலும் தடியிலும் போலீஸ்காரர்கள் ஒட்டிவிடுகிறார்களே, லாரிக்குப் பின்னால், மாட்டு வண்டிக்குப் பின்னால் மின்னுகிறதே, அதேதான். அதில் பொடிப் பொடியாகக் கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ இருக்கும். வந்த ஒளியைச் சிதறவிடாமல் வந்த திசைக்கே திருப்பும். டார்ச் அடிக்கிறவன் கண்ணுக்கு, டார்ச் பக்கத்திலேயே அவன் கண் இருப்பதால், பட்டை பளீரென்று எரியும். சட்டையின் முன்னும் பின்னும், இரண்டு முழங்கைக்கு மேலும், பேண்ட்டில் கெண்டைக்கால் பக்கமும் சுற்றி ஒட்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் என்று தெரியும். நெஞ்சில் ஒரே ஒரு சின்ன வட்டம் ஒட்டுவது மட்டும் ஆகாது. தூரத்திலிருந்து அது மிருகத்தின் கண் மினுங்குகிற மாதிரி இருக்கும்.

சும்மா பயமுறுத்தவில்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊரில் வேட்டை குற்றம். பன்றி மட்டுமில்லை, பாரிவேட்டை என்று சொல்லி முயல் பிடித்தாலும் குற்றம்தான். ஆனாலும் மலையடிவாரத்தில் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு நாட்டுத் துப்பாக்கியோடு திரிகிறவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் வெளிச்சத்தை அடித்து, மினுங்குகிற கண்ணைப் பார்த்துச் சுடுகிறவர்கள். அந்த இருட்டில், மிலிட்டரி கலர் உடுப்பில், வரப்பில் குத்தவைத்து இருக்கிற உங்கள் பிள்ளை, என் பெரியப்பா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். அந்த உடுப்பை இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையே எவ்வளவோ மேல். டார்ச்சை அணைத்துவிட்டு ஒளிந்திருப்பதும் வேண்டாம். பேச்சுச் சத்தமும் தகரச் சத்தமும் வெளிச்சமும்தான் காவலுக்குப் பலம்.

பன்றிக்கும் மான் போல நிற செல் இரண்டு வகைதான், அதுவும் மூக்கை நம்புகிற மிருகம். தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலை கட்டுகிறீர்கள் என்றால் சிவப்புதான் வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. அசைவும் மனித வாடையும்தான் கொஞ்ச நாள் வேலை செய்யும், நிறம் இல்லை. கரண்ட் வேலி மட்டும் வேண்டவே வேண்டாம், பன்றிக்கு வைத்ததில் ஆட்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு ஒரு முடிவு எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டருக்கு வெளியே என்றால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நாமாகச் சுடுவதற்கு எங்கேயும் அனுமதி இல்லை. உங்கள் தோட்டம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பயிர்ச்சேதத்துக்கு மனு கொடுக்கும்போது அதுவும் கைக்கு உதவும்.

அம்மாவின் கேள்வி பாக்கி. ஆம், இந்தக் குறை தாய்வழியாகத்தான் பையனுக்கு வருகிறது. ஆனால் சுமந்து வருகிற தாய்க்குப் பெரும்பாலும் பார்வை சரியாகவே இருக்கும், அவருக்கே தெரிந்திருக்க வழியில்லை. அதில் அவர் செய்த பிழை எதுவுமில்லை. மகன் நவம்பருக்கு முன்னால் ஊருக்கு வருவதாக இருந்தால் காலை பத்து மணிவாக்கில் அழைத்து வாருங்கள். அந்தப் புள்ளிப் புத்தகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதுதான் சரி. வர முடியாவிட்டால் அங்கேயே பார்த்து, ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் மைத்துனர்கள் யாராவது மதுரையில் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள், அவர்களும் சின்ன வயதில் இலைக்குக் காவி அடித்தவர்களாக இருக்கலாம்.